மார்னருக்குக் கூக்காட்டும் முன்: ரொறன்ரோ லீஃப்ஸ் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான லீஃப்ஸ் ரசிகர்களே,

வணக்கம். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் என்று எங்கே குடியிருந்தாலும், ஒக்டோபரில் நம் ஐஸ் ஹொக்கி அணியான லீஃப்ஸின் நீல ஜேர்சியை எடுத்துப் போட்டு, ஏப்ரலில் நேர்த்தி வைத்து, மே மாதத்தில் ரீவியைத் திட்டுகிற உங்களுக்குத்தான் இந்த மடல். ஆங்கிலத்தில் எழுதினால் கூட்டத்துக்குள் தொலைந்துபோகும். நமக்குள் பேச வேண்டியதைத் தமிழிலேயே பேசுவோம்.

2025 பெப்ரவரி 20ஆம் திகதி பொஸ்டனில் நடந்த நான்கு நாடுகள் ஹொக்கி இறுதி ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். கனடாவை 51ஆவது மாநிலமாக்குவேன் என்று ட்ரம்ப் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். ஹொக்கியே பார்க்காத சனமும் அன்று ரீவிக்கு முன்னால் இருந்தது. 2-2 என்று மேலதிக நேரத்துக்குப் போன ஆட்டத்தில் அப்போது நம் லீஃப்ஸ் வீரராக இருந்த மிச் மார்னர் பக்கை (ஐஸில் அடித்து விளையாடும் ரப்பர் வட்டை) அனுப்ப, கொனர் மக்டேவிட் அதைக் கோலாக்கினார். கனடா வென்றது. அதற்கு எட்டு நாள் முன்னால் மொன்றியலில் சுவீடனை மேலதிக நேரத்தில் வீழ்த்திய கோலும் மார்னருடையதுதான். அந்த ஒரு கிழமை அவர் நாட்டின் செல்லப் பிள்ளை.

மே 18ஆம் திகதி, மூன்று மாதம்கூட ஆகவில்லை, லீஃப்ஸின் ஸ்கோஷியாபாங்க் அரங்கில் புளோரிடாவுடன் தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். தொடரில் 2-0 என்று முன்னால் நின்றவர்கள் கடைசியில் 6-1 என்று தோற்றார்கள். ஜேர்சிகள் ஐஸில் வந்து விழுந்தன. அன்றிரவு அதிகம் திட்டு வாங்கிய பெயர் எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை. ஜூலை பிறந்தபோது மார்னர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். எட்டு வருட ஒப்பந்தம், வருடம் 12 மில்லியன் டொலர். மார்க்கத்தில் பிறந்து, இந்த அணியைப் பார்த்தே வளர்ந்து, 657 ஆட்டங்களில் 741 புள்ளிகள் (போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்த பிள்ளை. 'சனியன் தொலைந்தது' என்று நம்மில் எத்தனை பேர் சொன்னோம்!

அதே பெப்ரவரி இரவில் இன்னொருவருடைய பெயரும் கீழே விழுந்தது. கனடா அணியின் கௌரவத் தலைவராக வந்த பழைய ஹொக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி அமெரிக்க அணியின் வாங்குப் பக்கமாக நடந்து வந்து அவர்களுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ட்ரம்ப்புடனான நட்பு ஏற்கெனவே ஊரறிந்தது. எட்மன்டனில் அவருடைய பெயரில் இருக்கும் வீதிக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லி மனுகூட எழுதினார்கள். (ரொறன்ரோவின் பழைய ரசிகர்கள் அவரை 1993இலேயே கைவிட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை. நம் டக் கில்மோரின் நாடியில் கிரெட்ஸ்கியின் மட்டை பட்டும் பெனால்ட்டி கொடுக்கப்படாத அந்த ஆட்டத்தை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.) கிரெட்ஸ்கி விஷயத்தில் சரியோ பிழையோ, சனம் ஒரு மனிதருடைய நடத்தையைப் பார்த்து முடிவெடுத்தது. அவருடைய கோல்களை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. நான் பேச வந்தது நம் நகரத்துக்கே உரிய மற்ற வகையைப் பற்றி. நல்லாக விளையாடுகிறவன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அவனை வெறுத்து, அவன் போன பிறகு மெல்ல மெல்ல நேசிக்கிற பழக்கம்.

இது மார்னரோடு தொடங்கவில்லை. ஃபிராங்க் மஹோவ்லிச்சை எடுங்கள். 1957-58இல் ஆண்டின் சிறந்த புதுமுகம். 1960-61இல் 48 கோல். 1962இல் சிக்காகோ அணியின் உரிமையாளர் இந்த ஒருவருக்காக ஒரு மில்லியன் டொலர் தர முன்வந்தார். அன்றைய ஒரு மில்லியன் என்றால் யோசித்துப் பாருங்கள். லீஃப்ஸ் அணியோடு நான்கு ஸ்டான்லி கோப்பை, அதாவது லீக்கின் சம்பியன் கோப்பை, வென்றவர். அப்படியிருந்தும் அன்றைய அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் அவருக்குச் சொந்தச் சனமே கூக்காட்டியது. காரணம் என்ன? அவர் சறுக்கும் விதம் அப்படி. நீள நீளமாக, அலட்டிக்கொள்ளாமல், மூச்சு வாங்குவதே தெரியாமல் போவார். பார்க்கிறவர்களுக்கு அது சோம்பல் மாதிரித் தெரிந்தது. பயிற்றுநர் பஞ்ச் இம்லக் அவருடைய பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்க மாட்டார். இரண்டு பக்கமும் நெருக்கியதில் மனம் சோர்ந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது, அதுவும் இரண்டு தடவை. 1968 மார்ச்சில் டெற்றோய்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த சீசனிலேயே 49 கோல். பிறகு மொன்றியலுக்குப் போய் இன்னும் இரண்டு கோப்பை.

மொன்றியலுக்குப் போய்! அதற்குப் பிறகுதான் நமக்கு அவர் யாரென்று தெரிந்தது. 2016இல் இனி வேறு யாரும் அணியக்கூடாதென்று அவருடைய 27ஆம் இலக்கத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். 2017இல் அரங்கின் வாசலில் சிலை வைத்தார்கள். கூக்காட்டியவர்களில் உயிரோடு இருந்தவர்களும் அந்த நாளில் கைதட்டியிருப்பார்கள். தாங்கள் எப்போதும் மஹோவ்லிச் பக்கம்தான் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியுமிருப்பார்கள்.

லரி மேர்ஃபியின் கதை இன்னும் மோசம். பிற்ஸ்பேர்க்கில் இரண்டு கோப்பை வென்றுவிட்டு 1995இல் இங்கே வந்தார். பக் அவருடைய மட்டையைத் தொட்டாலே அரங்கம் கூவும். 1997 மார்ச்சில் கிட்டத்தட்டச் சும்மா என்று சொல்லக்கூடிய விலைக்கு டெற்றோய்ட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த வருடமே அவர் கோப்பை தூக்கினார். அடுத்த வருடமும் தூக்கினார். இப்போது ஹொக்கி புகழ் மண்டபத்தில் இருக்கிறார்.

ஃபில் கெசலை உங்களில் அநேகம் பேர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். 2009இல் பொஸ்டனிடமிருந்து அவரை வாங்க புது வீரர்களைத் தெரிவுசெய்யும் நம் உரிமையில் இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளும் ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவும் கொடுத்தோம். அதில் ஒன்று டைலர் சேகின் ஆனது, இன்னொன்று டூகி ஹமில்டன் ஆனது. அந்த விலையைப் பேசி முடித்தவர் கெசல் இல்லை. ஆனால் அந்த விலை அவருடைய முதுகில்தான் ஏறி உட்கார்ந்தது. பொஸ்டன் சனம் 'நன்றி கெசல்' என்று பாட்டாகவே பாடும். உடம்பு கொஞ்சம் தளதளவென்று இருக்கும், பேட்டி கொடுக்கப் பிடிக்காது, சிரிக்க மாட்டார். ஒரு பத்திரிகை, அவர் தினமும் ஹொட்டோக் வாங்கித் தின்கிறார் என்று எழுதியது. அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். 2013 ஏழாவது ஆட்டத்தில் பொஸ்டனிடம் 4-1 என்று முன்னால் நின்று 5-4 என்று தோற்றோமே, அந்த நாலில் ஒன்று கெசலுடையது. இதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

2015 ஜூலை 1ஆம் திகதி பிற்ஸ்பேர்க்குக்குப் போனார். 2016இல் கோப்பைக்கான பிளேஓஃப் சுற்றுகளில் 24 ஆட்டங்களில் 22 புள்ளி, அந்த அணியில் அவர்தான் முதலிடம். கோப்பை. 2017இலும் கோப்பை. அந்தக் கோப்பைக்குள்ளேயே ஹொட்டோக்கைப் போட்டு ஒரு படம் எடுத்து வெளியிட்டார். 2023இல் வேகாஸோடு மூன்றாவது கோப்பை. இடையில் தொடர்ச்சியாக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி லீக்கின் சாதனையையே உடைத்தார். உடம்பைப் பார்க்காதவன், பயிற்சி செய்யாதவன் என்று நாம் சொன்ன அதே ஆள்! இப்போது ரொறன்ரோவில் கெசலைப் பற்றிக் கேட்டால் 'பாவம், நல்ல பெடியன்' என்கிறார்கள்.

நஸீம் கட்ரியை இந்த வரிசையில் வைப்பதா என்று கொஞ்சம் யோசித்தேன். அவர் மேல் கோபம் வந்ததற்கு நியாயம் இருந்தது. 2018, 2019 என்று இரண்டு வருடமும் பொஸ்டனுக்கு எதிரான முதல் சுற்றில் தேவையில்லாமல் அடித்துத் தடை வாங்கினார். நமக்கு அவர் தேவைப்பட்ட நேரத்தில் வெளியே இருந்தார். சரி. ஆனால் கொலராடோவுக்குப் போன அதே மனிதர் 2022இல் செயிண்ட் லூயிஸ் தொடரில் எதிரணிக் கோல்காப்பாளருடன் மோதிய ஒரு சம்பவத்துக்குப் பிறகு இனவெறிக் கூச்சலும் மிரட்டலும் வாங்கி, பொலிஸ் விசாரிக்கும் அளவுக்குப் போய், அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். இறுதித் தொடரில் முறிந்த பெருவிரலோடு வந்து மேலதிக நேரத்தில் வென்று கொடுத்தார். ஸ்டான்லி கோப்பை வென்ற முதல் முஸ்லிம் வீரர். ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துப் பள்ளிவாசலுக்கு அந்தக் கோப்பையைக் கொண்டுபோனார். நம் வீடுகளில் அன்று எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையில் பாதியையாவது அவர் நீல ஜேர்சி போட்ட நாட்களில் காட்டியிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

இப்போது பணத்துக்கு வருவோம். என் கணிப்பில் நம் தலைமுறையின் கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

2004-05 சீசன் முழுவதும் நின்றுபோன பிறகு லீக்கில் சம்பள உச்சவரம்பு வந்தது. முதல் வருடம் ஒரு அணிக்கு 39 மில்லியன் டொலர். ஒரு கலியாண வீட்டுக்கு இவ்வளவுதான் காசு, மண்டபத்துக்குக் கூடக் கொடுத்தால் சாப்பாட்டில் குறையும் என்கிற மாதிரி. அன்றிலிருந்து ஒவ்வொரு ரசிகனும் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டான். மஹோவ்லிச்சுக்குக் கூக்காட்டியவனுக்கு அவருடைய சம்பளம் என்னவென்று தெரியாது. நமக்கோ ஒரு வீரனின் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அவனுடைய சம்பளம்.

நம் அணியின் நாலு நட்சத்திரங்களைப் பாருங்கள். 2018இல் டவாரெஸுக்கு வருடம் 11 மில்லியன். நைலண்டருக்கு ஏறத்தாழ 7. 2019இல் மத்யூஸுக்கு 11.6, மார்னருக்கு 10.9. நாலு பேருக்கும் சேர்த்து 40 மில்லியனுக்கு மேல். உச்சவரம்பு வருடா வருடம் ஏறும், ஏற ஏற இந்தச் சுமை குறையும் என்ற கணக்கில்தான் இவற்றில் கையெழுத்திட்டார்கள். பிறகு கொரோனா வந்தது. உச்சவரம்பு 81.5 மில்லியனில் மூன்று சீசன் அப்படியே நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஒவ்வொரு மில்லியனாகத்தான் ஏறியது. பாதிப் பணம் நாலு பேருக்கு என்ற நிலை அவர்கள் செய்ததல்ல. ஒரு நோய் செய்தது, அதை முன்கூட்டிப் பார்க்க முடியாத நிர்வாகம் செய்தது. ஆனால் கோல்காப்பாளர் சரியில்லை, பின்வரிசை சரியில்லை என்று வந்த ஒவ்வொரு குறைக்கும் நாம் விரல் நீட்டியது மார்னரை.

நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் டவாரெஸைப் பாருங்கள். 2018இல் அவர் சிறுவயதில் லீஃப்ஸ் படுக்கை விரிப்பில் படுத்திருக்கும் படத்தைப் பார்த்து உருகினோம். அவர் விட்டுவந்த நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியின் ரசிகர்கள் அவருடைய ஜேர்சியை எரித்தபோதும், அவர் திரும்பிப் போன இரவில் பிளாஸ்டிக் பாம்புகளை எறிந்தபோதும், 'என்ன சனமடா இது' என்று முகம் சுளித்தோம். மூன்று வருடத்தில் அவர் 'மெதுவாக ஓடுகிற 11 மில்லியன்' ஆனார். 2024-25இல் 38 கோல் போட்டுவிட்டு, 2025 ஜூனில் வருடம் 4.4 மில்லியனுக்கும் குறைவான சம்பளத்துக்குக் கையெழுத்திட்டார். உடனே தங்கமான மனிதர், உண்மையான லீஃப்! கால் வேகம் ஒரு துளிகூடக் கூடவில்லை. விலைதான் இறங்கியது.

நைலண்டருடையது இதன் மறுபக்கம். 2018 டிசம்பர் 1ஆம் திகதி மாலை, ஒப்பந்தக் கெடுவின் கடைசி நிமிடம் வரை கையெழுத்திடாமல் இழுத்தார். திரும்பி வந்து அந்த சீசனில் வெறும் 7 கோல். பேராசைக்காரன், மென்மையானவன், விற்றுத் தள்ளு என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு 40, 40 என்று கோல் வரத் தொடங்கியதும் அதே 7 மில்லியன் மலிவாகத் தெரிந்தது. இங்கே இருக்கும்போதே தன் ஆட்டத்தால் சனத்தின் மனத்தை மாற்றிய ஒரே பெரிய பெயர் அவர்தான் என்று நினைக்கிறேன். இப்போது அவருக்கு 11.5 மில்லியன். இரண்டு ஆட்டம் கோல் வராவிட்டால் பழைய பல்லவி மறுபடி கேட்கிறதா இல்லையா, சொல்லுங்கள்.

பணம் மட்டும் காரணமில்லை என்று முன்பே சொன்னேன். இந்த நகரத்துக்கு வியர்வை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழைய லீஃப்ஸ் வீரர் வெண்டல் கிளார்க்குக்கு ஒருவரும் ஒரு நாளும் கூக்காட்டவில்லை. அடி வாங்கினார், அடி கொடுத்தார், முகத்தில் இரத்தத்தோடு திரும்பி வந்தார். போர்யே சால்மிங்கும் அப்படித்தான். எதிரணிக்காரர் சுவீடன்காரனைப் பயந்தாங்கொள்ளி என்று நெட்டித் தள்ளிய காலத்தில் தன் உடம்பைக் குறுக்கே போட்டுப் பக்கை மறித்தவர். 1976இல் சுவீடனுக்காகக் கனடாவை எதிர்த்து ஆட வந்தபோதுகூட இந்த ஊர்ச் சனம் எழுந்து நின்று கைதட்டியது. 2022 நவம்பரில், பேச்சும் கையும் வராத நோயோடு அவர் கடைசியாக ஐஸுக்கு வந்த இரவில் அழாதவர்கள் இல்லை. அது இந்தச் சனத்தின் நல்ல முகம். ஆனால் கிளார்க்கைக் கொடுத்து 1994இல் மாட்ஸ் சுந்தீனை வாங்கியபோது, அவருடைய அமைதியையே குற்றமாகப் பார்த்தவர்களும் இதே சனம்தான். 420 கோலும் 987 புள்ளியும் எடுத்து அணியின் சாதனைகளையே கையில் வைத்திருந்தவர், 2008இல் வேறு அணிக்குப் போகச் சம்மதிக்கவில்லை என்பதற்காகத் திட்டு வாங்கினார். பிறகு வன்கூவருக்குப் போனதற்காகவும் திட்டு வாங்கினார். போகாததும் பிழை, போனதும் பிழை. 2009 பெப்ரவரியில் வன்கூவர் ஜேர்சியோடு வந்தபோது கூவலில் தொடங்கிய அரங்கம் எழுந்து நின்று தட்டியது, அவருக்குக் கண் கலங்கியது. அப்புறம் அவரே ஷூட்அவுட்டில் நம்மைத் தோற்கடித்தார். நல்லதுதான் செய்தார் என்று எனக்குத் தோன்றும்.

காசு கொடுத்து ரிக்கெற் வாங்குகிறவனுக்குக் கோபப்பட உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1967க்குப் பிறகு ஒரு கோப்பையும் காணாத சனம் இது. மார்னர் மேல் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2021இல் மொன்றியலிடம் 3-1 என்று முன்னால் நின்று தோற்ற தொடரில் அவருக்கு ஒரு கோலும் இல்லை. பக்கைக் கண்ணாடிக்கு மேலால் வெளியே அடித்துப் பெனால்ட்டியும் வாங்கினார். பெரிய ஆட்டங்களில் பக்கைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டிய நேரத்தில் இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார். லீஃப்ஸோடு அவருடைய பிளேஓஃப் கணக்கு 70 ஆட்டத்தில் 63 புள்ளி. தாளில் நல்ல கணக்கு. ஆனால் அதில் 13தான் கோல். இதையெல்லாம் பேசலாம், பேசவும் வேண்டும். இது ஹொக்கிப் பேச்சு. அவருடைய தகப்பன், மனைவி, வீடு, சிரிப்பு, கண்ணீர் என்று போவது ஹொக்கிப் பேச்சு இல்லை. நம் பிள்ளைகளின் போன்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்து போகிற சில குரல்பதிவுகளை நானும் கேட்டிருக்கிறேன். கட்ரிக்கு செயிண்ட் லூயிஸிலிருந்து வந்தவற்றுக்கும் இவற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

போன பிறகு ஒருவனை நமக்குப் பிடித்துப்போவது ஏன் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. அவனுடைய சம்பளம் இப்போது வேறொரு அணியின் தலைவலி. அவன் கோல் போடாவிட்டால் நமக்கு இழப்பில்லை. அப்போதுதான் சம்பளத்தை மறந்து ஆட்டத்தைப் பார்க்கிறோம். மார்னர் இரண்டு பேருக்கு நடுவில், இடமே இல்லாத இடத்தில் ஒரு பக்கை நுழைத்து அனுப்புவதை வேகாஸ் ஆட்டத்தில் பார்த்து வாயைப் பிளக்கப் போகிறோம். அதே பக்கை ஒன்பது வருடம் இங்கேயும் அனுப்பினார்.

அடுத்த முறை யாருடையது என்று உங்களுக்கே தெரியும். ஒஸ்ரன் மத்யூஸ். 2023-24இல் 69 கோல் போட்டார். அடுத்த வருடம் காயத்தோடு ஆடி 33இல் நின்றார், உடனே கதை தொடங்கிவிட்டது. அரிசோனாக்காரன், நம் ஊர் அவனுக்கு விளங்காது, தலைவனுக்கு வேண்டிய குணம் இல்லை. அந்தச் சீசன் முடிவில் லீஃப்ஸுக்காக அவர் போட்ட கோல்கள் 401. அவருடைய ஒப்பந்தம் 2028இல் முடிகிறது. போனால் இன்னொரு மஹோவ்லிச், இன்னொரு கெசல்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மத்யூஸைப் பற்றிப் பேசும்போது 13.25 மில்லியன் என்ற அவருடைய சம்பள எண்ணை ஒரு சீசனுக்கு வாயில் எடுக்காதீர்கள். அந்த எண்ணைச் சொல்லாமல் அவரைத் திட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் வந்து கேட்கிறேன். மார்னர் வேகாஸ் ஜேர்சியோடு இந்த அரங்குக்கு வருகிற இரவுகளில் கூக்காட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் தட்டுவேன். பக்கத்துக் கதிரையில் நீங்கள் இருந்தால் கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு லீஃப்ஸ் ரசிகர்